அலை விழும் அந்த 20 மீட்டர்

சோழவந்தான் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவன் நான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, பம்ப்செட் மேட்டிலிருந்து என்னைத் தள்ளிவிட்ட தாய்மாமா, "பயப்படாதடா, தண்ணி எங்கயும் ஓடிப் போகாது" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கிணற்றுக்கு அது சரியான பேச்சு. கிணற்றுத் தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும் நாம் இறங்கும் வரை தம் இடத்திலேயே கிடக்கும். நாம்தான் அவற்றைத் தேடிப் போகிறோம். கடலோ முழங்கால் ஆழத்தில் சும்மா நிற்பவனையும் தேடி வருகிறது, முழு எடையோடு வருகிறது. மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்கப் பழகப் போகிற நம்மவர்களில், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குக்கூட, உடம்பில் கடைசியாகப் பதிகிற பாடம் இதுதான்.

கடந்த சில மாதங்களில் மூன்று நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நீச்சல் குளத்தில் பயிற்சி முடித்து, இராமேஸ்வரத்திலும் புதுச்சேரியிலும் படகிலிருந்து சில முறை இறங்கி, சான்றிதழும் வாங்கிவிட்ட அவர்கள், படகு வாடகை இல்லாமல் கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் போகலாமா என்று கேட்டார்கள். போகலாம். ஆனால் படகு நம்மை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அலை உடையும் பகுதியைத் தாண்டி, கடல் வெறுமனே ஏறி இறங்கும் இடத்தில் அது நம்மை இறக்குகிறது. கரையிலிருந்து இறங்குபவன் அந்த 20, 30 மீட்டரைத் தன் காலாலேயே கடக்க வேண்டும். முக்குளிப்பு முடிந்து, களைத்த உடம்போடு, இன்னொரு முறையும் கடக்க வேண்டும். ஆழத்தில் நேரக்கூடிய ஆபத்துகளைப் பற்றி வகுப்பில் நிறையச் சொல்லித் தருகிறார்கள். இந்த 20 மீட்டருக்குப் பெரும்பாலும் அரைமணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள், அதுவும் அலையே இல்லாத நாளில்.

அலையின் கணக்கு எளிமையானது, ஆனால் இரக்கமில்லாதது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதாவது அரை மீட்டர் அலை ஒரு மீட்டராக உயர்ந்தால், அதன் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. ஒரு மீட்டர் அலை எங்கே உடையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாம் மார்பளவு தண்ணீரில் தடுமாறிக்கொண்டிருக்கும் அதே இடத்தில்தான். அலுமினிய சிலிண்டர், அதிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர், காற்றடைத்து மிதக்க வைக்கும் பி.சி.டி. சட்டை, ஈயக்கட்டிகள் எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் முதுகிலும் இடுப்பிலும் தொங்கும்போது, நம் எடையின் மையம் மேலேயும் பின்னேயும் நகர்ந்துவிடுகிறது. வெறும் உடம்போடு நிற்பவனைத் தள்ளாட மட்டும் வைக்கும் அலை, சிலிண்டர் சுமந்தவனைக் குப்புறக் கவிழ்த்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்ற ஆண்டு மார்ச் மாதம், திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்துக் கரையில் தெரிந்துகொண்டேன்.

இராமேஸ்வரம் பக்கத்தில் பழகியவர்களுக்கு அந்தத் தென்கரை வேறு உலகம். தீவின் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் பொங்கும், பெண்கடல் குளம் போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது மாறிவிடும். இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் அலையைத் தடுத்துத் தணிக்கின்றன. (1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பகுதி அது, வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளுக்கு அருகே யாரும் இறங்கக் கூடாது.) தூத்துக்குடியைத் தாண்டித் தெற்கே போனால் அந்த வேலி முடிந்துவிடுகிறது. தெற்கிலிருந்து வருகிற நெடுந்தொலைவு அலை நேராகக் கரைக்கு வருகிறது.

அன்று காலை 3 மணிக்கு மதுரையிலிருந்து கிளம்பி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக விடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். காற்றே இல்லை. கடல் எண்ணெய் தடவியது போல மினுங்கியது. முழங்கால் உயர அலைகள் சோம்பலாக வந்து நுரைத்துப் போயின. ஐந்து நிமிடம் பார்த்தோம். என்னோடு எப்போதும் இறங்கும் தம்பி, "அண்ணே, வைகை மாதிரி இருக்குண்ணே" என்றான். நானும் தலையாட்டினேன். கருவிகளை மாட்டிக்கொண்டு, எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே போனோம். பாறைத்திட்டைச் சுற்றி 40 நிமிடம் அருமையான முக்குளிப்பு. வெளியே வந்து தலையைத் தூக்கியபோது சிலிண்டரின் அழுத்தம் காட்டும் என் கேஜில் 70 பார் காற்று மீதமிருந்தது (நிரம்பிய சிலிண்டரில் 200 பார்).

திரும்பி நீந்தினோம். தொடையளவு தண்ணீரில் மணல் காலுக்குத் தட்டுப்பட்டது. அந்த நிமிடத்தில் என் மனத்தில் முக்குளிப்பு முடிந்துவிட்டது. வாயிலிருந்த ரெகுலேட்டரைக் கழற்றினேன். பார்த்த மீனைப் பற்றித் தம்பியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். எழுந்து நின்று, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, காலில் மாட்டிய துடுப்பான ஃபின்னைக் கழற்றக் குனிந்தேன். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கையை ஆட்டிக் கத்தியது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று காதைக் கொடுப்பதற்குள் சிலிண்டரின் மேல் யாரோ லாரியால் இடித்தது போல இருந்தது.

முகம் மணலில் பட்டது. சிலிண்டர் தலைக்கு மேலே ஏறி வந்தது. மாஸ்க் போய்விட்டது. எழ முயன்றபோது, திரும்பி ஓடும் தண்ணீர் காலைப் பிடித்து உள்ளே இழுத்தது, ஃபின் மாட்டிய கால் அதற்கு நல்ல கைப்பிடியாக அமைந்துவிட்டது. அடுத்த அலை விழும்போது என் வாய் திறந்திருந்தது. மணலும் உப்புநீரும் தொண்டை வரை இறங்கின. அதோடு நிற்கவில்லை. பி.சி.டி.யில் காற்றடைக்கும் பொத்தானுக்குள் மணல் புகுந்து அது அமுங்கியபடியே சிக்கிக்கொண்டதால், சட்டை புஸ்ஸென்று ஊதிக்கொண்டே போய் மார்பை இறுக்கியது. மூச்சை இழுக்க இடமில்லை. தம்பி சிலிண்டர் கழுத்தைப் பிடித்து என்னைக் கரைப்பக்கம் இழுத்தபடியே, இன்னொரு கையால் அந்தக் காற்றுக் குழாயின் இணைப்பைப் பிடுங்கிவிட்டான். குளத்தில் சும்மா பத்து முறை பழகிய விஷயம். அன்று அவன் கை யோசிக்காமல் செய்தது. பெரியவர் இடுப்பளவு தண்ணீருக்கு ஓடி வந்து என் தோளைப் பற்றினார். புருவத்துக்கு மேல் நான்கு தையலோடு தப்பினேன்.

மணலில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "கடலப் பாக்காம எறங்கிட்டீங்களே தம்பி?"

"பாத்தோம் ஐயா. அமைதியாத்தான இருந்துச்சு."

"நீங்க பாத்தது சின்ன அலைய. பெரிய அலை வந்து போற வரைக்கும் உக்காந்து பாக்கணும்."

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போனவர் அவர். சிலிண்டர் இல்லாமல், மூச்சைப் பிடித்து இறங்கியவர். அன்று எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கரையில் விழும் அலைகளை விரலால் எண்ணிக் காட்டினார். பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஐந்து அலைகள், ஒவ்வொன்றும் மார்புயரம், வரிசையாக வந்து விழுந்தன. பிறகு மறுபடியும் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிட அமைதி. நாங்கள் இறங்கியது அந்த அமைதியில், ஏறியது அந்த ஐந்து அலைகளில்.

நெடுந்தொலைவில் புயலோ பலத்த காற்றோ எழுப்பிய அலைகள், பயண வழியில் நீண்ட அலைகள் முந்தியும் குறுகிய அலைகள் பிந்தியும் பிரிந்து, கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வருகின்றன. உள்ளூரில் காற்றே வீசாத நாளிலும் அவை வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் அலைகள் இப்படித் திடீரென்று கரையில் பொங்குவதைத்தான் கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். அவர்கள் யாரும் ஆழத்துக்குப் போகவில்லை. அந்தச் செய்தியை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

ஆகவே இப்போதெல்லாம் முதல் நாள் இரவே, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுகிறேன். அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. முன்னறிவிப்பில் சொல்லப்படும் உயரம், அலைகளில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் பெரிய அலைகளின் சராசரி மட்டுமே. தனி அலை ஒன்று அதைப் போல இருமடங்கு வரைகூட வரலாம். இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை வினாடி என்ற கணக்கும் அதே அளவுக்கு முக்கியம். ஆறு, ஏழு வினாடிக்கு ஒன்று வரும் அலை உள்ளூர்க் காற்றின் அலை. பதினைந்து வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் அது வெகுதூரத்திலிருந்து வருகிறது. அதே உயரமே இருந்தாலும் கூடுதல் பலத்தோடு விழும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் வண்டியே எடுப்பதில்லை.

கரைக்குப் போன பிறகு குறைந்தது 25 நிமிடம், கருவியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறோம். எங்கே உடைகிறது, எப்படி உடைகிறது, பெரிய கூட்டத்தில் எத்தனை அலை, அதற்கும் அடுத்ததற்கும் எத்தனை நிமிடம் என்று கையில் கடிகாரத்தோடு எண்ணுகிறோம். சாய்வு குறைந்த மணற்கரையில் அலை சரிந்து நுரைத்து, பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து வரும். செங்குத்தாக இறங்கும் கரையில் அது சுருண்டு மொத்தமாக ஒரே இடத்தில் விழும். அப்படிப்பட்ட கரையில் முட்டளவு அலைக்கும் நான் இறங்க மாட்டேன். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், நிறம் கறுத்து, நுரையும் பாசியும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், அது இறங்குவதற்கு வாகான வழி போலக் கண்ணுக்குத் தெரியும். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. தெரியாமல் சிக்கிக்கொண்டால் அதை எதிர்த்து நீந்தவே கூடாது. பி.சி.டி.யில் காற்றடைத்து மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். அது நம்மை அடியில் இழுப்பதில்லை, தள்ளித்தான் போகிறது. களைப்பும் பதற்றமும்தான் ஆளைக் கொல்கின்றன.

இறங்கும் முறையைப் பற்றி எனக்கும் பெரியவருக்கும் அன்று ஒரு விவாதமே நடந்தது. ஃபின்னை மாட்டிக்கொண்டு முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழுவோம் என்பதால், பின்னோக்கி நடந்து கடலுக்குள் போகச் சொல்லித் தருவார்கள். அவரோ, "கடலுக்கு முதுகக் காட்டப்புடாது தம்பி, அது யாரா இருந்தாலும்" என்றார். இரண்டு பேச்சையும் வைத்துப் பார்த்த பிறகு, பக்கவாட்டில் நடப்பதே சரியென்று முடிவுக்கு வந்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில், கோரிப்பாளையம் பக்கம் கூட்ட நெரிசலில் நின்றவர்களுக்கு இந்த நிலை தெரியும்: நெஞ்சைக் கொடுத்து நின்றால் தூக்கிப் போட்டுவிடும், ஒரு தோளை முன்னே கொடுத்து, காலை அகட்டி, முட்டியைத் தளர்த்தி நின்றால் தள்ளு நம்மைத் தாண்டிப் போய்விடும். அலைக்கும் தோளைத்தான் கொடுக்க வேண்டும். அலை வரும்போது நின்று அதன் பக்கம் சாய வேண்டும். போன பிறகு நகர வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகர்ந்தால் குழியும் கல்லும் தெரியும், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையும் விலகிப் போகும்.

கரையை விட்டு முதல் அடி வைக்கும் முன்பே மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்த நிலையில் இருக்க வேண்டும். தொங்கும் கேஜ், விளக்கு, கேமரா எல்லாவற்றையும் உடம்போடு சேர்த்து மாட்டிவிட வேண்டும். அலை நெருங்கும்போது ஒரு உள்ளங்கையால் மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும். பி.சி.டி.யில் எவ்வளவு காற்று வைப்பது என்பதில் பயிற்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சிறிய அலைக்குக் கொஞ்சம் காற்று வைத்தால், விழுந்தாலும் மிதக்கலாம். பெரிய அலை என்றால் காற்று இருக்கும் சட்டை நம்மை அலையின் உச்சியிலேயே நிறுத்தி அடிவாங்க வைக்கும்; அதன் அடியில் புகுந்து போக முடியாது. என் முடிவு என்னவென்றால், காற்றை முழுவதும் வெளியேற்றினால்தான் போக முடியும் என்று சொல்ல வைக்கும் அலை இருக்கும் நாளில் நான் இறங்குவதில்லை. இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நடப்பதை விட்டுவிட்டு நீந்த வேண்டும். அலை உடையும் இடத்தில் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. மாஸ்க்கைச் சரிசெய்வதும், கூட இறங்கும் ஜோடியைப் பார்த்து விரலைக் காட்டுவதும் அதைத் தாண்டிய பிறகுதான்.

நாம் இருக்கும் இடத்தைக் காட்டக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும் மிதவைக்கு ஒரு வரி போதும்: போகும்போது அது நமக்குப் பின்னால் கரைப்பக்கம் வர வேண்டும், திரும்பும்போது நமக்கு முன்னால் கரைப்பக்கம் போக வேண்டும். அலைக்கும் நமக்கும் நடுவே மிதவை இருந்தால் அலை அதை நம்மீது எறியும், கயிறு காலைச் சுற்றும்.

ஏறுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 50 பாருக்குக் குறையாத காற்று, ஏறுவதற்கென்றே மீதமிருக்க வேண்டும். அதை ஆழத்தில் செலவழிக்கக் கூடாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, மூச்சு சீராகும் வரை மிதந்து, கடலையும் கரையையும் மாறி மாறிப் பார்த்து, பெரிய கூட்டத்தின் கடைசி அலை நம்மைத் தாண்டிப் போனதும் அதன் முதுகைப் பிடித்தாற்போலப் பின்னாலேயே நீந்த வேண்டும். அடுத்த அலை வருகிறதா என்று இரண்டு, மூன்று வீச்சுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். கால் தட்டுப்பட்டதும் எழக் கூடாது. கை மணலில் நன்றாக ஊன்றும் வரை நீந்தி, அதன் பிறகு தவழ்ந்தே போக வேண்டும். காய்ந்த மணல் வரை தவழ்ந்து போவதில் எந்த வெட்கமும் இல்லை. நான்கு காலில் இருப்பவனை அலை கவிழ்ப்பது கடினம். விழுந்துவிட்டாலும் எழ முயலாமல், ரெகுலேட்டரைக் கடித்தபடி, வரும் அலை தள்ளும்போது தவழ்ந்து, திரும்பும் தண்ணீர் இழுக்கும்போது மணலில் விரலைப் புதைத்துக் காத்திருக்க வேண்டும். ரெகுலேட்டர் வாயை விட்டு வரும் இடம் காய்ந்த மணல்தான், அதற்கு முன்னால் எந்த இடமும் இல்லை.

அலையில் புரண்ட கருவியை அப்படியே அடுத்த முக்குளிப்புக்கு மாட்டக் கூடாது. அன்று மாலை வீட்டில் தண்ணீர் வாளியில் ரெகுலேட்டரையும் காற்றடைக்கும் குழாயையும் அலசியபோது, வாளியின் அடியில் ஒரு கைப்பிடி கறுப்பு மணல் தேங்கியது. அந்தப் பொத்தானை மட்டும் மூன்று முறை கழுவிய பிறகும் அழுத்தினால் நறநறவென்றது. பிரித்துப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் குழுவில் அதன் பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து எண்ணி முடித்ததும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் போதும், காரணம் கேட்பதில்லை. 170 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருக்கிறோம், சிலிண்டருக்கு வாடகை கட்டியிருக்கிறோம், விடுப்பு எடுத்திருக்கிறோம் என்கிற எண்ணங்கள் எல்லோர் மனத்திலும் ஓடும் என்பது தெரிந்துதான் இதை வைத்திருக்கிறோம். போன மாதம் அதே கரையில் உட்கார்ந்தோம். 22-ஆவது நிமிடத்தில் ஏழு அலை வரிசையாக வந்து, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கோடாக உடைந்தது. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடியே, "இன்னைக்கு வேணாம்ணே" என்றான்.

200 பார் நிரம்பிய சிலிண்டர்களை அப்படியே வண்டியில் ஏற்றினோம். பெரியவர் வலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். "கெளம்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, மாசியில் வந்தால் தானும் கரையில் இருப்பதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு மதுரை வந்துவிட்டோம்.